உலகப் பணக்காரருக்குப் பதில் கடமை

உலகத்தின் பெரிய பணக்காரர்களில் ஒருவர் ஒரு சமூக ஊடகக் கம்பனியை வாங்கப் போகிறார் என்ற செய்தியை நான் முதலில் ஒரு காணி அலுவலாகத்தான் பார்த்தேன். அது என் தொழில் குணம். பிரதேச செயலகத்தில் காணிப் பிரிவில் தொடங்கி, நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவன் நான். தென்னந்தோட்டம் வாங்க வருகிற ஆள் முதலில் தோட்டத்தைச் சுற்றி நடப்பார். காணி உறுதிப் பத்திரத்தை நொத்தாரிசிடம் காட்டுவார். பதிவுக் கந்தோரில் வில்லங்கம் இருக்கிறதா என்று தேடுவிப்பார். அதன் பிறகுதான் விலை பேசுவார். இவரோ விலையைச் சொல்லி, எதையும் பார்க்கத் தேவையில்லை என்று கையெழுத்தும் வைத்துவிட்டு, அதன் பிறகு தோட்டத்தில் எத்தனை மரம் உண்மையான மரம் என்று கேட்கத் தொடங்கினார். பிறகு வாங்கமாட்டேன் என்றார். வழக்கு வந்தது. வழக்கு விசாரிக்கப்படும் முன்னரே, சரி வாங்குகிறேன் என்றார். எங்கள் பக்கத்து நுரைச்சோலையில் ஒருவர் இப்படிக் காணி வாங்கியிருந்தால் வீட்டார் பேய் பிடித்ததென்று அவரை ஓதிப் பார்க்கக் கூட்டிப் போயிருப்பார்கள்.

இதையெல்லாம் நான் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்தபோது மனைவி சிரித்தார், அவருடைய தம்பி சிரித்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தத் தோட்டத்தில்தான் வேலை.

நேரே அந்தக் கம்பனியில் அல்ல. அதற்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் இன்னொரு கம்பனி அவளை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. பள்ளிவாசல்துறையில் எங்கள் வீட்டின் பின்னறைதான் கந்தோர். கூரியரில் வந்த மடிக்கணினி, ஒரு மேசை, என் பழைய கைவைத்த கதிரை. தமிழிலும் சிங்களத்திலும் ஆட்கள் எழுதிப் போடுகிறவற்றில், இது கூடாது என்று யாராவது முறையிட்டால், அதை வாசித்து, இருக்கட்டும் அல்லது நீக்கப்படட்டும் என்று தீர்மானிப்பது அவள் வேலை. என்ன வாசித்தாள் என்று எங்களிடம் சொல்ல அனுமதியில்லை. சில நாட்களில் இடையில் எழுந்து வந்து, கிணற்றடியில் முகத்தை நெடுநேரம் கழுவுவாள். அப்போது அவளோடு கதைக்கக்கூடாது என்று மனைவிக்குத் தெரியும். தேத்தண்ணியை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்துவிடுவார்.

மைத்துனர் மீன் வியாபாரி. ஐஸ் பெட்டி ஏற்றிய சின்ன லொறியில் மதுரங்குளி வரை போய் வருகிறவர். அவருக்கு இந்த வேலை விளங்கவில்லை.

"நாள் முழுக்க ஃபோன் பார்க்கிறதுக்குச் சம்பளமா மச்சான்? எங்கட மூத்தவனும் அதைத்தான் செய்யிறான். அவனுக்கு நான்தான் ரீலோட் போட்டுக் குடுக்கிறன்."

"மாமா, உங்கட மகன் எழுதுறதையும் சேர்த்துத்தான் நான் பார்க்கிறன்," என்பாள் மகள். அதோடு அவர் கதையை மாற்றிவிடுவார்.

கம்பனி கைமாறிக் கொஞ்ச நாளில், ஒரு காலை மகள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"வாப்பா, திறக்குதில்ல."

நான் போய்ப் பார்த்தேன். மடிக்கணினி கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்தால் இல்லை என்றது. வேறு நாடுகளில் இருந்த அவளுடைய கூட்டாளிகளுக்கும் அதே கதை என்று கைபேசிக் குழுவில் செய்திகள் வந்துகொண்டிருந்தன. மேற்பார்வையாளருக்கும் திறக்கவில்லையாம். ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பதை அவர்களும் செய்தித் தளங்களில் பார்த்துத்தான் அறிந்துகொண்டார்கள்.

ஒரு பியோனை வீட்டுக்கு அனுப்புவதென்றாலும் என் காலத்தில் விளக்கம் கோர வேண்டும், ஆரம்ப விசாரணை வைக்க வேண்டும், குற்றப்பத்திரம் கொடுக்க வேண்டும். அவர் மேன்முறையீடு செய்வார். அது முடிவதற்குள் பெரும்பாலும் அவருக்கு ஓய்வு பெறும் வயது வந்துவிடும். ஒரு கணினித் திரை ஒருவரை வேலையிலிருந்து நீக்கலாம் என்பதை என் மூளை ஏற்க மறுத்தது.

"கடிதம் ஏதும் வந்ததா மகள்?"

"இல்ல."

"அப்படியெண்டா நீங்க இன்னும் சேவையில இருக்கிறீங்க. எழும்பிப் போனா, பதவிய விட்டுத் தானாப் போன ஆள் எண்டு எழுதிப்போடுவாங்க. வேலை நேரத்தில இருக்க வேண்டிய இடத்தில இருங்க."

இதை நான் சும்மா சொல்லவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஆயுதக்காரர்கள் முஸ்லிம்களான எங்களை மன்னாரிலிருந்து போகச் சொன்னபோது, உடுத்த உடையோடு புத்தளத்துக்கு வந்து சேர்ந்தோம். இடம்பெயர்ந்த அரச ஊழியர்கள் பக்கத்துக் கந்தோரில் கையொப்பம் இட வேண்டும் என்றார்கள். எனக்கு அங்கே மேசையில்லை, கதிரையில்லை, செய்ய ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு காலையும் ஓலைக் கொட்டிலிலிருந்து கழுவிய சேட்டைப் போட்டுக்கொண்டு போய்க் கையொப்பம் வைத்தேன். பின்னேரம் வரை அந்தக் கந்தோரான கச்சேரியின் விறாந்தையில் நின்றேன். அந்தக் கையெழுத்துத்தான் நான் அகதி மட்டுமல்ல, ஓர் உத்தியோகத்தனும்தான் என்று எனக்குச் சொன்ன ஒரே சாட்சி. மகள் இங்கே பிறந்தவள். இந்தக் கதையைப் பாலோடு குடித்து வளர்ந்தவள்.

ஆகவே அவள் இருந்தாள். காலையில் குளித்து, தலையில் சோல் போட்டுக்கொண்டு, பூட்டிய திரைக்கு முன்னால் போய் அமர்ந்தாள். பகல் சாப்பாட்டுக்கு எழுந்தாள். லுஹர் தொழுதாள். மறுபடி போய் அமர்ந்தாள். வேலை நேரம் முடிந்த பிறகே கதவைத் திறந்தாள். நான் வரைந்து கொடுத்த மேன்முறையீட்டை மின்னஞ்சலில் அனுப்பினாள். அப்படியொரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. முறையீடு கேட்கும் ஆட்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முதல் சில நாட்கள் எனக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது. பிறகு ஒருநாள் யன்னல் வழியாகப் பார்த்தேன். திரை கறுப்பாக இருந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யன்னல் விளிம்பில் தேத்தண்ணி ஆடை படிந்து ஆறியிருந்தது.

"மகள், போதும். எழும்புங்க," என்றேன்.

"கடிதம் வரட்டும் வாப்பா."

மனைவி என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டார். மீன் வெட்டிக்கொண்டிருந்தார், கத்தியைக் கீழே வைக்காமலே கதைத்தார்.

"மன்னாரிலிருந்து எங்களப் போகச் சொன்னவங்க கடிதம் தந்தவங்களா?"

"அது வேற."

"என்ன வேற? அண்டைக்கு உங்களுக்கு ஒரு கச்சேரி இருந்திச்சு. அவளுக்கு என்ன இருக்கு? நேத்து என்ன சென்னவள் தெரியுமா? 'எழும்பினா, நான் இவ்வளவு காலமும் இங்க இருந்ததே இல்லயெண்டு ஆகிடும் உம்மா' எண்டு சென்னவள். நீங்க இருத்தி வச்ச பிள்ளை. நீங்கதான் எழுப்பணும்."

நான் வெளியே வந்து வேலியடியில் நின்றேன். கடற்காற்று அனல் மின் நிலையத்துப் புகையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அவளுக்குப் போனது சம்பளம் மட்டும் என்றால் அதைத் தாங்கியிருப்பாள். அவள் வாசித்த அத்தனை நஞ்சையும், அதனால் வேறு யாரோ வாசிக்காமல் தப்பியதையும் பார்த்த கண் ஒன்றும் இல்லை. வேலையை முடித்த ஆளிடம், முடித்துவிட்டீர் என்று சொல்லி அனுப்ப ஒரு மேலதிகாரி வேண்டும். அந்த மேலதிகாரி வெளிநாட்டில் வேறு எதையோ உடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. மேலதிகாரி இல்லாத இடத்தில் கந்தோர் என்ன செய்யும்? அவருடைய வேலையைத் தற்காலிகமாகப் பார்க்க, பதில் கடமைக்கு ஓர் ஆளைப் போடும். யாரும் போடாவிட்டால், அங்கே இருப்பவர்களில் சேவையில் மூத்தவர் கதிரையில் ஏறிவிடுவார். அந்த வீட்டில் சேவையில் மூத்தவன் நான்.

அந்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு முன் மண்டபத்தில் பிரியாவிடைத் தேநீர் விருந்து வைத்தோம். எந்த அரசாங்கக் கந்தோரிலும் எப்படி நடக்குமோ அப்படியே. கட்லட், ரோல்ஸ், பட்டர் கேக், ஆளுக்கொரு வாழைப்பழம். மைத்துனர் மீன் வாடை போகக் குளித்துவிட்டு, பெருநாள் சேட்டோடு வந்தார். நான் ஓய்வு பெற்ற அன்று போட்ட அதே நீளக் காற்சட்டையைப் போட்டேன். இடுப்புப் பொத்தான் பூட்டுப்படவில்லை.

மகளை மனைவி கையில் பிடித்துக் கூட்டி வந்தார்.

"என்ன வாப்பா இது?"

"வாப்பா எண்டு கூப்பிட வேணாம். நான் இப்ப உங்கட கம்பனி வாங்கினவருக்குப் பதில் கடமை. அவருக்கு வேலை கூடிப்போச்சு."

"அவர் எப்ப உங்களப் போட்டவர்?"

"போடேல்ல. அவரும் இப்படித்தான் கேக்காமக் கதிரையில ஏறினவர்."

அவள் வாயின் ஒரு மூலை அசைந்தது. அது போதும் என்று தொடங்கினேன். முதலில் அரச சொத்தை மீளப் பெறுதல். மடிக்கணினி, அதன் வயர், காதில் போடும் கருவி. ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள், நான் பெற்றுக்கொண்டேன். பிறகு உரை. என் சேவைக்காலத்தில் நான் கேட்ட பிரியாவிடை உரைகள் எல்லாமே ஒன்றுதான்: இன்முகம், நேரந்தவறாமை, நிரப்ப முடியாத வெற்றிடம். இந்தத் தடவை அந்தப் பழைய வசனங்கள் வாயில் வரவில்லை. "இந்தப் பிள்ளை என்ன வாசிச்சதெண்டு எனக்குத் தெரியாது," என்றேன். "ஆனா கிணற்றடியில முகம் கழுவுறதைப் பார்த்திருக்கிறன். மற்றவங்க வாசிக்கக்கூடாதெண்டு தான் வாசிச்சது. அந்த வேலை நடந்தது. நான் பார்த்தன்."

அதோடு நான் அமர்ந்தேன். மைத்துனர் தானாக எழுந்தார்.

"எனக்கும் ஒரு வார்த்தை. முந்தி ஒருக்கா நான் மீனுக்கு என்னமோ மருந்து அடிக்கிறனெண்டு, லொறிப் படத்தோட சிங்களத்தில போட்டிருந்தாங்க. ரெண்டு கிழமை மதுரங்குளிப் பக்கம் போகப் பயந்தன். பிறகு அது எடுபட்டுப்போச்சு. அது எங்கட புள்ளதான் எடுத்தது. அல்லாஹ் பரக்கத் செய்வான்."

"மாமா, அது வேற கம்பனியில வந்தது," என்றாள் மகள்.

"எதோ ஒண்டு."

"அதை எடுத்தது வேற ஆள் மாமா."

"அந்த வேற ஆளும் உன்னைப் போல ஒரு பின்னறையில இருந்து யாரோ பெத்த புள்ளதானே? அந்தப் புள்ளைக்கு ஆர் கேக் வெட்டினது? அதையும் சேர்த்து உனக்குச் சொல்லுறன். வாங்கிக்கொள்ளு."

மகள் முகத்தைச் சோலால் மூடிக்கொண்டாள். மனைவி அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சிறிது நேரம் யாரும் கட்லட்டைத் தொடவில்லை. மைத்துனர் தொட்டார்.

பிறகு படம். எல்லாக் கந்தோர்களிலும் போகிறவர் நடுவில் இருப்பார், மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள். பின்னறையிலிருந்து கைவைத்த கதிரையைத் தூக்கி வந்து நடுவில் போட்டோம். அவள் அதில் அமர்ந்தாள். மைத்துனர் கைபேசியைப் பூச்சாடியில் சாய்த்து வைத்துவிட்டு ஓடி வந்தார். படத்தில் அவர் பாதிதான் விழுந்தார்.

படம் எடுத்த பிறகும் மகள் கதிரையை விட்டு எழும்பவில்லை. என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"கடிதம் எங்க?"

சேவைக்காலம் முழுவதும் வாய்மொழி உத்தரவு செல்லாது என்று ஊருக்கே சொன்னவன் நான்.

"பதில் கடமையில இருக்கிறவர் நேரில சொன்னாச் செல்லும்," என்றேன். "கடமையிலிருந்து விடுவிக்கப்படுகிறீங்க மகள். போகலாம்."

அவள் எழுந்தாள். கேக் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கே உம்மாவும் மகளும் எதற்கோ சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது.

மறுநாள் காலை அந்தக் கதிரை முற்றத்தில் நின்றது. மனைவி அதன்மேல் தலையணைகளைக் காயப் போட்டிருந்தார். மகள் இன்னும் எழும்பவில்லை, யாரும் எழுப்பவுமில்லை. நான் செய்தியைத் திறந்தேன். பணக்காரர் தன் தோட்டத்தில் இன்னும் எதையோ பிடுங்கி எதையோ நட்டுக்கொண்டிருந்தார். என் பதில் கடமை முந்திய நாள் பின்னேரத்தோடு முடிந்துவிட்டபடியால், அதற்கு நான் பொறுப்பில்லை.