குழிச் சுவரில் குங்குமம்

மண்ணுக்கு வகை சொல்வது என் தொழில். சொன்ன வகையைக் கேட்டு மகிழ்ந்தவர் இதுவரை ஒருவருமில்லை.

நியூ ஜெர்சியில் ஊர்ச் சாக்கடை வந்து சேராத மேட்டு நிலங்கள் நிறைய உண்டு. அங்கே வீடு கட்ட வேண்டுமானால், அந்த வீட்டின் கழிவுநீர் அந்த மனையின் மண்ணுக்குள்ளேயே வடிந்தாக வேண்டும். வடியுமா, வடியாதா என்று ஆளுயரக் குழி வெட்டி, இறங்கிப் பார்த்து, எழுதிக் கையெழுத்திடுபவள் நான். விருந்து வீடுகளில் மருத்துவரைக் கண்டால் முதுகுவலியைச் சொல்கிறார்கள். என்னைக் கண்டால் கறிவேப்பிலைச் செடி ஏன் பட்டுப்போனது என்று கேட்டு, பிளாஸ்டிக் பையில் மண்ணை நீட்டுகிறார்கள். வாய் தவறித் தொழிலைச் சொல்லிவிட்டுக் கையில் தட்டோடு மூலையில் மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே இனம். கீழே உள்ளவை யாவும் ஒரே குழியைச் சுற்றி நடந்தவை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், மண்ணை மாற்றவில்லை.

தண்ணீர் குடித்த வீடு

சுகுமாரும் மாலதியும் டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவர்கள். அந்தப் பக்கத்துக் களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும்; மேலே நிற்கும் வீடும் அதனோடு சேர்ந்து மூச்சுவிடும். அவர்கள் வீட்டின் வரவேற்பறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். வேலை மாறியதும் அதை விற்றுவிட்டு நியூ ஜெர்சியின் எடிசனில் இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்டுக்கு வந்தார்கள். இரண்டு பிள்ளைகள்; மூத்தவள் உடைகள் வைக்கும் அலமாரிக்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்று மாலதி சொன்னாள். புகாராக அல்ல, தகவலாக.

என்னிடம் வந்தபோது மேற்குப் பக்கம் ஒரு குன்றின் மேல் மனையை வாங்கி முடித்திருந்தார்கள். மண்ணைப் பார்த்துவிட்டு மனை வாங்குவது முறை. மனையை வாங்கிவிட்டு மண்ணைப் பார்ப்பது, தாலி கட்டிய பிறகு பெண் பார்க்கப் போவதைப் போன்றது. இதைச் சொன்னேன். மென்பொருள் பொறியாளரான சுகுமார் புண்படவில்லை.

"கேட்டியில தினம் சாயங்காலம் வீட்டச் சுத்தி ஹோஸ் போட்டுத் தண்ணி காட்டுவோம் மேடம், ஃபவுண்டேஷன் காயக்கூடாதுன்னு. பசங்களுக்கே அவ்ளோ கரெக்டா பால் குடுத்ததில்ல. அதான் இந்தத் தடவ மேட்டுல வாங்கிட்டோம். மேட்டுல எப்படி மேடம் தண்ணி நிக்கும்?"

கையில் பிசைந்தது

வெள்ளிக்கிழமை குழி வெட்டினோம். அந்த மேட்டின் மேல்மண் ஆறு கொண்டுவந்ததும் அல்ல, அடியில் உள்ள பாறை கரைந்து உண்டானதும் அல்ல, காற்று கொண்டுவந்தது. பனியுகத்தில் பனிப்பாறைகள் அரைத்த தூளை, வறண்ட ஆற்றுப் படுகைகளிலிருந்து காற்று வாரி வந்து குன்றுகளின் மேல் தூவிவிட்டுப் போயிற்று. லோயெஸ் என்பது அதன் பெயர். மணலைப் போலப் பல்லில் நறநறக்காது, களிமண்ணைப் போல விரலில் ஒட்டாது. காய்ந்தால் முகப்பவுடர், நனைந்தால் வழுவழுப்பு.

இதன் நயத்தை, அதாவது களி எவ்வளவு என்பதை, அளக்க ஆய்வுக்கூடம் உண்டு. ஆனால் களத்தில் கைதான் கருவி. ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலால் ஆள்காட்டி விரலின் மேல் நாடாபோலத் தள்ள வேண்டும். நாடா நீண்டால் களி அதிகம், சட்டென்று ஒடிந்தால் குறைவு. சுகுமார் செல்பேசியில் காணொளி ஒன்றைத் தேடிப் பார்த்துவிட்டு முயன்றார். சட்டையில் பாதி போயிற்று. மாலதி கேட்காமலே ஒரு பிடி எடுத்துப் பிசைந்தாள். நாடா ஓரங்குலம் வருவதற்குள் ஒடிந்தது. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவம் செலவிட்டுக் கற்றதை அவள் நின்ற இடத்தில் சொன்னாள்.

"இது சப்பாத்தி மாவு இல்லக்கா. முறுக்கு மாவு. அச்சுல எறங்கும், சுத்தும்போது ஒடையும்."

இரண்டரை அடியில்

இரண்டரை அடியில் மண்வெட்டி ணங்கென்றது. சுகுமாரின் முகம் மலர்ந்தது. பாறை வந்துவிட்டது, அஸ்திவாரம் அசையாது என்று அவர் நினைத்தார். அது பாறையல்ல. இந்த வகை மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளில் இறுகிப்போகும் ஒரு தட்டு. பெயர்த்துப் போட்டுப் பிற்பகல்வரை வெயிலில் காய்ந்துவிட்ட அதன் கட்டி ஒன்றை எடுத்துக் குடிநீர்ப் புட்டியின் மூடியை நிரப்பி அதில் போட்டேன். தேநீரில் விழுந்த ரஸ்க்கைப் போலச் சில நொடிகளில் பொலபொலவென்று உதிர்ந்தது. வேர் உள்ளே போகாமல் பக்கவாட்டில் திரும்பும் அளவுக்குக் கடினம். ஆனால் காய்ந்த கட்டி தண்ணீரில் ஒரு நிமிடம் தாங்காது. இப்படிப்பட்ட மனிதர்களையும் நான் அறிவேன்.

மேட்டில் தண்ணீர் எப்படி நிற்கும் என்று அவர் கேட்டாரல்லவா, இப்படித்தான் நிற்கும். குளிர்கால மழை கீழே இறங்க வழியின்றி இந்தத் தட்டின் மேல் தேங்கும். தேங்கிய ஆழத்தில் மண்ணிலுள்ள இரும்பு துருச் சிவப்பும் சாம்பலுமாகப் புள்ளியிடும். தண்ணீர் வற்றிய பிறகும் புள்ளி போகாது. கோடையில் வந்து பார்த்தாலும் பிப்ரவரியில் நடந்ததைப் படித்துவிடலாம். அதனால் சட்டம் புள்ளியைத்தான் கேட்கிறது. புள்ளி இரண்டரை அடியில் தொடங்கினால், முற்றத்தில் மணல்மேடு எழுப்பிக் கழிவுநீரை அதன் வழியாக வடிக்கலாம். ஓரடியிலேயே தொடங்கினால் அந்த மனையில் வீடே கிடையாது. திங்களன்று கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், சுகாதார அலுவலர் வருவார், அவர் முன்னிலையில் பார்த்து எழுதுவதே செல்லும் என்று விளக்கினேன். சுகுமார் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"புள்ளியே இல்லன்னா மேடும் வேணாம், இல்ல மேடம்?"

உயர்ந்த வகுப்பு

மறுநாள் சனிக்கிழமை, அவர்களுடைய நண்பர் வீட்டு விருந்தில் சந்தித்துக்கொண்டோம். ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவர், மண்ணை எப்படி வகைப்படுத்துவீர்கள் என்று கேட்டார். உலகத்து மண் முழுவதையும் பன்னிரண்டு வகுப்பாகவும், அவற்றை உள்வகுப்பு, குழு, குடும்பம் என்று மேலும் பிரித்தும் பெயரிடுவோம் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது.

"பாத்தியா, மண்ணுலயே ஒசத்தி தாழ்த்தி உண்டுன்னு அமெரிக்காக்காரனே ஒத்துண்டுட்டான்."

ஒசத்தியும் இல்லை, தாழ்த்தியும் இல்லை. நெல்லுக்கு ஆகும் மண் சாலைக்கு ஆகாது, அவ்வளவுதான் என்றேன். அவர் விடவில்லை. பெயர் என்று ஒன்று இருந்தால் அதன் பின்னால் வம்சம் என்று ஒன்று இருக்கும் என்றார். நான் வாயைத் திறப்பதற்கு முன், தட்டில் தயிர்சாதம் போட்டுக்கொண்டிருந்த மாலதி தலை நிமிராமல் சொன்னாள்.

"அக்கா குழிக்குள்ள எறங்கிப் பாத்துட்டு எழுதறாங்க அங்கிள். நீங்க பேரக் கேட்டவுடனே எழுதிடறீங்க."

ஊற்றெடுத்த தேங்காய்

திங்கள் காலை சுகாதார அலுவலர் டேவ் எனக்கு முன்பே வந்து, படிபோல வெட்டிய பக்கம் வழியாகக் குழிக்குள் இறங்கிவிட்டிருந்தார். பேச்சு குறைந்தவர். நான் வரம்பில் நின்றபோது, மண்ணின் நிறத்தை ஒப்பிடும் வண்ண அட்டைப் புத்தகத்தைச் சுவரருகே பிடித்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். தரையிலிருந்து ஓரடி ஆழத்தில், சுவர் நெடுகச் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள். வெள்ளியன்று அங்கே ஒன்றுமில்லை. குழியின் அடியில் மஞ்சள் நிறத்தில் தண்ணீர்.

கர்ப்பூர வாசனை வந்தது. எனக்கு விளங்கிவிட்டது. தட்டு என்றும் புள்ளி என்றும் நான் பயமுறுத்திவிட்டுப் போன குழிக்கு, ஞாயிற்றுக்கிழமை மாலதி பூஜை செய்திருக்கிறாள்: வரம்பைச் சுற்றி மஞ்சள் நீர், உள்ளே சுவரில் கைக்கெட்டிய ஆழத்தில் குங்குமப் பொட்டு, பால், உடைத்த தேங்காய். புள்ளி இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு புள்ளி வைத்திருக்கிறாள். டேவிடம் விளக்கினேன். அது வழிபாட்டுக்குரிய வண்ணப் பொடி என்றேன், வெள்ளிக்கிழமைக் குறிப்புகளைக் காட்டினேன். தான் இல்லாதபோது எழுதியது செல்லாது என்றார். கத்தியால் சுவரைச் சுரண்டிக் காட்டினேன். பெரும்பாலான இடங்களில் நிறம் போயிற்று. ஆனால் மண்புழு வழிகளிலும் வேர்த் துளைகளிலும் மஞ்சள் நீர் உள்ளே இறங்கியிருந்தது. உண்மையான புள்ளிகளும் அந்த வழிகளைத்தான் தேடிப் பிடிக்கும். டேவ் அடியில் குனிந்து தண்ணீரிலிருந்து அரை மூடித் தேங்காயை எடுத்தார். என்னையும் பார்த்தார், படிவத்தையும் பார்த்தார். ஆங்கிலத்தில் அவர் கேட்டதன் தமிழ் இது:

"இது எந்த ஆழத்தில் ஊறி வந்தது என்று எழுதட்டும்?"

ஒரே குழிதானே

இரண்டரை அடியில், தட்டுக்குச் சற்று மேலே, உண்மையான புள்ளிகள் இருந்தன: துருச் சிவப்பு, சாம்பல். கட்டியைப் பிட்டால் உள்ளேயும் இருந்தன. டேவ் அவற்றை நெருங்கும் நேரத்தில் சுகுமாரும் மாலதியும் காரிலிருந்து இறங்கினார்கள். நடந்ததைச் சொன்னேன். ஓரடி என்று எழுதிவிட்டால் வீடு இல்லை என்றதும் மாலதி வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுகுமார் என்னைக் காருக்கு அப்பால் அழைத்துப் போனார். மேடம் என்பது அந்தப் பத்தடியில் அக்கா ஆகிவிட்டது.

"அக்கா, மேல இருக்கறது குங்குமம்னு எப்படியும் சொல்லத்தான் போறீங்க. கீழ இருக்கறதும் சேந்து வழிஞ்சதுன்னு சொல்லிடுங்களேன். ஒரே குழிதானே."

முடியாது என்றேன். மணல்மேடு இல்லாமல் கட்டினால் மூன்றாவது பிப்ரவரியில் உங்கள் முற்றத்தில் உங்கள் கழிவே திரும்பி வந்து நிற்கும்; அதற்கு ஹோஸ் போட்டுத் தண்ணீர் காட்ட வேண்டியிருக்காது என்றேன். அதோடு, கீழே உள்ளதைக் குங்குமம் என்று நான் சொன்னால், மேலே உள்ளது குங்குமம் என்பதை அந்த ஆள் ஏன் நம்ப வேண்டும்? சுகுமார் தன் காலணியின் மண்ணைக் காரின் சக்கரத்தில் தேய்த்தபடி நின்றார்.

"நீங்க நம்ம சைடுன்னு நெனச்சேன்க்கா."

மாலதியின் கோடு

குழிக்குத் திரும்பினோம். டேவ் மேலே ஏறி வந்து, மாலதியிடம் நேராகக் கேட்டார்: நீங்கள் ஊற்றியது எதுவரை இறங்கியிருக்கும்? என்னை அவர் கேட்கவில்லை. நான் கையெழுத்திடுபவள், அதுவும் அவர்கள் பேசும் மொழியைப் பேசுபவள். அவருடைய இடத்தில் நானும் என்னைக் கேட்டிருக்க மாட்டேன்.

"எல்லா எடத்துலயும்னு சொல்லு மாலு," என்றார் சுகுமார் தமிழில், சிரித்த முகத்தோடு, வானிலையைப் பற்றிப் பேசுபவரைப் போல.

மாலதி எழுந்து, புடவையைச் சொருகிக்கொண்டு குழியின் படியில் இறங்கினாள். என் கத்தியை வாங்கி, சுவரில் ஓரடிக்குச் சற்றுக் கீழே இடமிருந்து வலமாக ஒரு கோடு கிழித்தாள். அதற்கு மேலே இருப்பது தன்னுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு கீழே குனிந்து, தட்டின் மேலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்து இரண்டாகப் பிட்டு, உள்ளிருந்த சிவப்பை டேவிடம் நீட்டினாள். இது தன்னுடையது அல்ல என்றாள். டேவ் அந்தக் கட்டியை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார். கோட்டுக்கு மேலிருந்த சுவரை மண்வெட்டியால் முக்கால் அடி உள்ளே வெட்டச் சொன்னார், வெட்டினேன். பழுப்பு நிறம் மட்டுமே இருந்தது. படிவத்தில் புள்ளிகள் தொடங்கும் ஆழம் இரண்டரை அடி என்று எழுதினார். வீடு உண்டு, மணல்மேட்டோடு.

சுகுமார் கைகொடுத்து அவளை மேலே ஏற்றிவிட்டார். உன்னை யார் அவ்வளவு விவரமாகச் சொல்லச் சொன்னது என்று மெல்லக் கேட்டார். அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"சாமிக்குப் போட்டது கோடு வரைக்குந்தான். அதுக்குக் கீழ நான் போடாதத, போட்டேன்னு பூஜ பண்ண எடத்துலயே நின்னு எப்படிங்க சொல்றது?"

கிரகப்பிரவேசம்

வீடு முடிந்தது. மூத்தவளுக்குச் சன்னலோடு ஓர் அறை. முற்றத்தின் தென்மேற்கில், படுத்த யானையைப் போல ஒரு புல்மேடு. கிரகப்பிரவேசத்துக்கு வந்த அனைவரும் அதைக் கேட்டார்கள். சுகுமார் அனைவரிடமும் ஒரே பதிலைச் சொன்னார்: வாஸ்துப்படி தென்மேற்கு உயரமாக இருக்க வேண்டும், அதனால் எழுப்பினோம். விருந்து வீட்டு அங்கிள் இதைக் கேட்டுப் பரவசமாகி, வாழையிலைத் துண்டில் கேசரியோடு மேட்டின் உச்சிக்கே ஏறிவிட்டார். அங்கிருந்து பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, இந்த மண்ணில் ஒரு தெய்வ கடாட்சம் இருக்கிறது, காலடியிலேயே தெரிகிறது என்றார். சுகுமார் என் பார்வையைத் தவிர்த்தார். மாலதி வாசலுக்கு வந்து, கையை நெற்றிக்கு மேல் வைத்து, மேட்டின் மேலிருந்தவரைப் பார்த்தாள்.

"அது எங்க நாலு பாத்ரூம் தண்ணியும் போற எடம் அங்கிள். எறங்கி வாங்க, வடை சூடா இருக்கு."

உலகத்து மண் முழுவதையும் வகைப்படுத்தப் பன்னிரண்டு வகுப்புகள் தேவைப்பட்டன. அதன்மேல் வீடு கட்டுபவர்களை வகைப்படுத்த, எத்தனை அடியில் உண்மை தட்டுப்படுகிறது என்ற ஒரே அளவு எனக்குப் போதுமானதாக இருக்கிறது.