கல்யாணக் கார் கொதித்த காலை

ரேடியேட்டர் ஆவியும் சாமந்திப்பூவும் கலந்த வாசனை... என் கல்யாணம் என்றாலே முதலில் அதுதான் ஞாபகம் வருகிறது.

முகூர்த்தம் மாப்பிள்ளை வீட்டில், மலைமேல் வெள்ளிமலையில். நாங்கள் வடக்கனந்தல். கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்பாவின் சிநேகிதர் காதர் பாய், பெண்ணை நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று தன் அம்பாசடரோடு வந்துவிட்டார். எங்கள் தெருப் பையன்கள் காரை ஜோடித்தார்கள். முன்பக்கத்தை மறைத்து ஒரு தெர்மாகோல் போர்டு. அதில் எங்கள் இருவர் பெயர், சுற்றிலும் சாமந்தி மாலை. அழகுதான், யார் இல்லை என்றது!

மலை ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. பானெட்டிலிருந்து ஆவி... பாய் வண்டியை ஓரங்கட்டி, ஆறவிட்டு, ஈரத்துணி போட்டு மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினார். ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், ஹோஸைத் தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கிளம்பி இரண்டு வளைவு தாண்டவில்லை, மறுபடி கொதித்தது.

முகூர்த்த நேரம் நெருங்குகிறது.

பாய் முன்னால் நின்று போர்டையே பார்த்தார். பிறகு கூட வந்த என் அத்தையிடம் தயங்கிச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க... இது காத்த மறைச்சிக்கினு இருக்குது. அவுத்தா சரியாப் பூடும்."

அத்தை ஒரே பிடிவாதம். பெண் ஏறிய வண்டியில் பெயர் எழுதிக் கட்டியதைப் பாதிவழியில் அவிழ்க்கக் கூடாதாம். அதற்குமேல் பாயும் அதில் கை வைக்கவில்லை.

நான் இறங்கினேன்.

"நேரத்துக்குப் போய்ச் சேரலன்னாதான், அத்த, ஆவாது."

பட்டுப்புடவையோடு குனிந்து முடிச்சை நானே அவிழ்த்தேன். போர்டையும் மாலையையும் மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி ஏற ஏற முள் இறங்கியது. அத்தை மட்டும் உர்ரென்று வந்தார்.

வெள்ளிமலை ஊர் எல்லையில் பாய் வண்டியை நிறுத்தினார். மறுபடியுமா என்று பயந்தே போனேன். அவர் என் மடியிலிருந்த போர்டை வாங்கி, பழையபடி மாலையோடு கட்டி, கோணல் இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

"பொண்ணு வர்ற மாதிரி வரணும்லம்மா."

அத்தையே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன மாதம் என் மகன் கல்யாணம். சின்னசேலத்திலிருந்து மருமகள் வந்த ஏசி கார் எங்கேயும் நிற்கவில்லை, கொதிக்கவில்லை. ஆனாலும் நான் ஊர் எல்லைக்கே போய் அதை நிறுத்தினேன். காற்றில் சாய்ந்திருந்த முன்பக்கப் பூவை நேராக வைத்தேன்.

எதுக்குங்க இது என்று டிரைவர் தம்பி கேட்டார்.

பாய் இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.