பையைத் திருப்பிப் போடுங்க!

அன்று தலைமை ஆசிரியை அறையில் இருந்தது மூன்றே பேர். டீச்சரம்மா, மீனவர் குப்பத்துப் பெற்றோர் சார்பில் மஞ்சுளா, உப்பளத் தெருப் பெற்றோர் சார்பில் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான்... உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டேதான் இருந்தேன்.

விஷயம் இதுதான். சுனாமிக்குப் பிறகு யாரோ புண்ணியவான்கள் குப்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் நீல ஸ்கூல் பேக் கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. பை இருக்கிற பெஞ்ச், பை இல்லாத பெஞ்ச் என்று வகுப்பு பிரிந்தது. பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். பின்னாலேயே பெரியவர்கள் நாங்களும்! நாலு பேருக்குத் தையல்.

எங்கள் தெருவில் பாதிப் பேர் டி.சி. வாங்கிவிட்டார்கள். வேறு பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். என் மகள் கவிதா என்னைப் போலவே நின்றுவிடுவாளோ? அனுப்பினாலும் பயம், நிறுத்தினாலும் பயம்.

"நாளையிலேருந்து எல்லாரும் மஞ்சப்பை. அவ்ளோதான்" என்றார் டீச்சரம்மா.

நாங்கள் தலையாட்டினோம். மறுநாள்தான் உறைத்தது. யார் வீட்டில் வெறும் மஞ்சப்பை இருக்கிறது? எல்லாம் கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்தவை. மணமகன், மணமகள், ஊர், தெரு — அத்தனையும் சிவப்பு எழுத்தில்!

"டேய், உங்க கல்யாணத்துல சாம்பார் பத்தலையாமே!"

"உங்க மாப்ள தாலி கட்டறப்ப தூங்கிட்டாராமே!"

மறுபடி கைகலப்பு. கவிதா நெற்றி வீங்கி வந்தாள். டி.சி. கேட்டுக் கடிதம் எழுதினேன். வாராவாரம் உங்கள் பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதுகிறவன்தான், ஆனால் டீச்சருக்கு என்றால் ஒவ்வொரு வரியையும் அடித்து அடித்து எழுத வேண்டியிருக்கிறதே! அரைப் பக்கத்துக்கு மூன்று மணி நேரம். மடித்து அவள் பையில் வைத்து அனுப்பினேன்.

காலையில் டீச்சரம்மா பள்ளிக்கூட வாசலிலேயே நின்றிருக்கிறார். "பையத் திருப்பிப் போடுங்க!"

உள்பக்கம் வெளியே வந்தது. பெயரும் இல்லை, ஊரும் இல்லை. அந்தக் கூத்தில் கவிதா கடிதத்தைக் கொடுக்க மறந்துவிட்டாள். சாயங்காலம் எது யார் பை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கைக்குக் கிடைத்ததோடு வீட்டுக்கு ஓட்டம். கவிதா கொண்டுவந்த பையில் இருந்ததோ மஞ்சுளா மகனின் கணக்கு நோட்டு!

அப்படியானால் என் கடிதம்?

விளக்கு வைக்கும் நேரத்தில் மஞ்சுளாவே வந்து நின்றாள். சண்டைக்குப் பிறகு குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்குள் வந்த முதல் ஆள்.

"அண்ணே, பொண்ணு பை எங்க வூட்டுக்கு வந்துடுச்சு. வெறுங்கையோட எப்டி வர்றதுன்னு நாலு துண்டு மீன் வறுத்து எடுத்தாந்தேன். மடிக்கப் பேப்பர் இல்ல... பையில இருந்த தாள்லயே மடிச்சிட்டேன். முக்கியமான தாளாண்ணே?"

பிரித்துப் பார்த்தேன். 'மதிப்பிற்குரிய' மட்டும் தெரிந்தது. மீதி முழுக்க எண்ணெய்.

"இல்லம்மா. சும்மா தாளு."

படித்துவிட்டுத்தான் மடித்தாளா? கேட்கத் தைரியம் வரவில்லை. இன்னொரு மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுத என்னால் ஆகாது... கவிதா நாளைக்கும் அதே பள்ளிக்கூடம்தான்!