கீழ்ப்படிவதாக இருவரும் சொன்ன கல்யாணம்

கல்யாணத்துக்குச் சில வாரங்கள் முன்பு, நானும் என்னைக் கட்டிக்கொள்ள இருந்தவரும் ஆரணியில் எங்கள் சபைப் போதகரைப் பார்க்கப் போனோம். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். கரை முழுக்க மயில் கேட்டாலும் சளைக்காமல் வரைவார். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் வியர்த்துவிடும்.

போதகர் திருமண உறுதிமொழிகளைப் படித்துக் காட்டினார். மணமகன் நேசித்து ஆதரிக்க வேண்டும். மணமகள் அதோடு கீழ்ப்படியவும் வேண்டும்.

"ஐயா, கீழ்ப்படியறதுங்கிற அந்த வார்த்தைய மட்டும் விட்டுடலாங்களா?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. என்னை மேலே படிக்க வைக்கச் சொல்லி என் அப்பாவிடம் வாதாடியவரே அவர்தான். வேதத்தைத் திறந்து, மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டினார். நான் விரலைச் சற்று மேலே நகர்த்தினேன். ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லியிருந்தது.

"அது பொதுவா சொன்னதும்மா."

"புருஷன் பொண்டாட்டி பொதுவுல வரமாட்டாங்களா, ஐயா?"

போதகர் மாப்பிள்ளையிடம் திரும்பினார். "நீ இன்னா தம்பி சொல்ற?"

"எனக்கு எதுன்னாலும் சரிங்க."

வீட்டுக்குத் தலையாக இருக்கப்போகிறவரின் கருத்து அவ்வளவுதான். வார்த்தை அப்படியே நின்றது.

கல்யாணத்தன்று, நான் அந்த வார்த்தையை விழுங்கிவிடுவேனோ என்று போதகருக்குப் பயம். கண்ணை என் மேலேயே வைத்துக்கொண்டு, மணமகள் சொல்ல வேண்டியதை மணமகன் திருப்பிச் சொல்வதற்குப் படித்துவிட்டார். மாப்பிள்ளையும் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குக் கீழ்ப்படிந்து நடப்பதாக மைக்கில் தெளிவாகச் சொல்லி முடித்தார். பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

சபைச் செயலாளர் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தார். "ஐயா, மாறிப்போச்சுங்க. அது செல்லாதுன்னு சொல்லிட்டு வேற சொல்ல வைங்க."

என் வருங்கால மாமியார் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "ஆண்டவர் சந்நிதியில சொன்னத எப்படிங்க வாபஸ் வாங்கறது?"

முதலில் சொன்னது இருக்கட்டும், சரியானதையும் சேர்த்துச் சொல்லட்டும் என்று போதகர் முடிவு செய்தார். மாப்பிள்ளை அதையும் சொன்னார். பிறகு நான் என்னுடையதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஆக, வேதத்தின் அந்த மேல்வரி அன்று எங்கள் சபையில் நிறைவேறியது. அங்கிருந்த யாருக்கும் அப்படியொரு உத்தேசம் இருக்கவில்லை.

சபை இதிலிருந்து பாடம் கற்றது. போதகரின் புத்தகத்தில் இப்போது மணமகன் பகுதிக்கு நீல மையிலும் மணமகள் பகுதிக்குச் சிவப்பு மையிலும் கோடு போட்டிருக்கிறது.

கீழ்ப்படிகிற கணவரோடு குடித்தனம் நடத்துவது நான் நினைத்த அளவு சுகமாக இல்லை. திரைச்சீலை என்ன நிறம், ஞாயிற்றுக்கிழமை என்ன குழம்பு, எல்லா முடிவும் என்னுடையது. "ஒரு தடவையாவது வேணாம்னு சொல்லுங்களேன்" என்று ஒருநாள் கத்திவிட்டேன். "சரி" என்றார்.

பிறகு கல்யாண வீடியோ வந்தது. அவருடைய முதல் உறுதிமொழி வந்திருக்க வேண்டிய இடத்தில் ரோஜாப்பூக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. நான் சொன்னது மட்டும் முழுதாக இருந்தது. செயலாளர் சொல்லித்தான் வெட்டினேன் என்றார் ஸ்டுடியோக்காரர்.

போகட்டும் என்று நான்தான் சொன்னேன். என் கணவர் கேட்கவில்லை. அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனார். வெட்டியதைச் சேர்க்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

"அவங்க கிட்ட இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பேசனது நான். வெட்டச் சொல்றதுக்குச் செயலாளரு யாருன்னு கேட்டேன்" என்றவர், உள்ளே போய்ச் சட்டையை மாற்றினார். முதுகுப்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது.