மூன்று பெயரில் ஒரு பேச்சாளர்

பேச்சாளரம்மாவுக்குப் பிழைப்பே ஒரு பேச்சுதான்: தயங்காமல் முடிவெடுப்பது எப்படி. ஆறு வருடமாகக் கம்பெனி கம்பெனியாகப் போய் அதைப் பேசுகிறாள். "பாதி தெரிஞ்சா போதும், முடிவெடுத்துடுங்க. மீதி போற வழியில தெரியும்" என்று சொல்லிவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பாள். கைதட்டலுக்கு விடும் இடைவெளி அது.

ஊருக்குத்தான் உபதேசம் என்று காட்டிக்கொடுக்கவே ஒரு டயர் தொழிற்சாலை வந்து சேர்ந்தது. வருடம் முழுக்க, மாதம் ஒரு பேச்சு. இது கிடைத்தால் அடுத்த அழைப்புக்காகப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். பயிற்சி அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒப்பந்தம் எந்தப் பெயரில்? வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

ஆடிட்டர் மூன்று வழி காட்டினார். சொந்தப் பெயரில் நடத்தினால் சுலபம், ஆனால் வழக்கு என்று வந்தால் வீடு வரைக்கும் வரும். கணவரைச் சேர்த்துக் கூட்டு நிறுவனம் ஆக்கலாம். பிரைவேட் லிமிடெட் என்றால் மதிப்பு உண்டு, வருடா வருடம் தாக்கல் செய்யக் காகிதமும் மலையாக உண்டு. எது நல்லது என்று கேட்டதற்கு, அது உங்கள் இஷ்டம் என்று கையைக் கழுவிவிட்டார். இதைச் சொல்லவா ஒரு ஆடிட்டர் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவரோ செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்.

"இருவத்திரெண்டு வருஷமா பார்ட்னராத்தானே இருக்கேன், இப்ப எதுக்குப் பத்திரம்?"

போதாக்குறைக்கு, யார் எப்போது கூப்பிட்டார்கள் என்ற விவரமெல்லாம் நான்கு நோட்டில் சிதறிக் கிடந்தது. அதை ஒழுங்குபடுத்த, பதினான்கு நாள் இலவசம் என்ற மூன்று மென்பொருள்களை இறக்கினாள். ஒன்றில் நாட்காட்டி அழகு. இன்னொன்றில் தேடுவது சுலபம். மூன்றாவதில் இரண்டும் உண்டு, தமிழ் எழுத்து மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தது. சனியன்கள், ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க அதிகாரியின் மின்னஞ்சல் முகவரியையும் வெள்ளிக்கிழமைக் கெடுவையும் மூன்றிலும் ஏற்றினாள். மூன்றும் அவளுடைய நிறுவனத்தின் பெயரைக் கேட்டன. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று ஒன்றில் தன் பெயர், அடுத்ததில் கூட்டு நிறுவனம், மூன்றாவதில் பிரைவேட் லிமிடெட் என்று போட்டுப் பார்த்தாள்.

வெள்ளி காலை பத்து மணிக்கு அதிகாரி கூப்பிட்டார். ஒன்பது மணிக்கே மூன்று மென்பொருளும் தாமாக அவருக்கு நினைவூட்டல் கடிதம் அனுப்பியிருந்தன. ஒரே பேச்சு, ஒரே முகம், மூன்று நிறுவனம். சட்டப் பிரிவில் பயந்துவிட்டார்களாம். அது சும்மா ஒரு சோதனை என்று அவள் தட்டுத்தடுமாறி விளக்கினாள். வாய்தான் மூலதனம், அதுவும் அந்த நேரம் பார்த்துக் குழறியது. கடைசியில் இன்னும் இரண்டு நாள் கேட்டாள்.

"மேடம், போன வருஷம் உங்க பேச்சைக் கேட்டவன் நான்" என்றார் அவர், கோபமே இல்லாமல். "பாதி தெரிஞ்சா போதும்னு சொன்னீங்க. அதான், இப்பவே வேற ஒருத்தர முடிவு பண்ணிட்டோம்."

போனை வைத்துவிட்டுத் தண்ணீரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். பக்கத்து அறையில் கணவர் செய்தித்தாளைத் திருப்பும் சத்தம் மட்டும் கேட்டது.