பாடாங்கில் அடிக்கக் கூடாத தாளம்

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்த இடத்தில் நான் தூங்கிவிட்டேன் என்று உங்கள் இரண்டு பேருக்கும் கோபம். வாரத்தில் ஆறு நாள் ஸ்ரீ கெம்பாங்கானுக்கும் துறைமுகத்துக்கும் லோரி ஓட்டுகிறவனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கொஞ்சம் காற்றும் கிடைத்தால் போதும், கண் தானாக மூடிக்கொள்ளும். காதுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ஸ்பீக்கர் கத்திக்கொண்டிருந்தது. அதுகூட என்னை எழுப்பவில்லை. எப்போதோ எங்கேயோ பதிவு செய்த மேளம் அது. கோல் விழுந்தாலும் அதே சத்தம், விழாவிட்டாலும் அதே சத்தம்.

விசில்தான் என்னை எழுப்பியது. சின்னவன் தலையில் அடிபட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான். முதலுதவி செய்யும் பெண் அவன் முன்னால் குனிந்து மூன்று விரலை நீட்டி, "இது எத்தனை?" என்று கேட்டாள். "மூணு லா அக்கா" என்று சிரித்தான். அவனுக்கு ஒன்றும் இல்லை. நான்தான் வேலிக் கம்பியைப் பிடித்தவன், ஆட்டம் முடியும்வரை விடவில்லை. ஏன்பா என்று பெரியவள் காரில் கேட்டாள். அப்போது பேசத் தெம்பில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். பிழை இருந்தால் டீச்சரிடம் காட்ட வேண்டாம்.

எனக்கு அப்போது பத்து வயது. கிள்ளானில் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு திடல் இருந்தது. பாடாங் என்றுதான் சொல்வோம். இன்று அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. என் அப்பா நகராண்மைக் கழகத்தில் புல் வெட்டுகிறவர். வார நாளில் அந்தப் பாடாங்கின் புல்லை வெட்டுவார். சனிக்கிழமை சாயங்காலம் அதே புல்மேல் நின்று எங்கள் அணிக்காக உறுமி அடிப்பார். கோயிலில் காவடிக்கு அடிக்கிற அதே குழுதான். அப்பாவுக்கு உறுமி, இரண்டு பேருக்குத் தவில், எனக்கு ஜால்ரா.

எதிரணி கம்பத்து மலாய்க்காரர்களாக இருந்தால் அவர்கள் கொம்பாங் மேளம் கொண்டு வருவார்கள். சீனர் அணி என்றால் சிங்க நடனத்துப் பெரிய முரசே வந்து இறங்கும். பந்து உருளுவதற்கு முன்பே மேளங்களுக்குள் ஒரு ஆட்டம் முடிந்திருக்கும். நம் ஆள் கார்னர் அடிக்கப் போனால் தவில் மெல்ல ஆரம்பித்து ஏறிக்கொண்டே போகும். எதிரணிக்காரன் பந்தை வெளியே அடித்தால் சாவு மேளம் இரண்டு தட்டு தட்டுவார் அப்பா. பாடாங்கே சிரிக்கும்.

ஆனால் ஒரு தாளம் மட்டும் கூடாது. காவடி எடுக்கும்போது சாமியை அழைக்கிற தாளம். "பூட்ஸ் போட்டுக்கிட்டு எச்சி துப்புற எடத்துக்குச் சாமியக் கூப்பிடறதா?" என்பார் அப்பா. அந்த ஒன்றைத்தான் நான் வீட்டில் ஆள் இல்லாதபோது அடித்து அடித்துப் பழகி வைத்திருந்தேன்.

எங்கள் அணியின் கோல் கீப்பர் என் சித்தப்பா. துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போன பிறகும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தார். எங்கள் பாடாங்குக்கு ஒரு கப்பும் வந்ததில்லை. அந்த வருஷம் ஃபைனலுக்கு வந்திருந்தோம். கையுறை ஃபேக்டரியில் வேலை செய்த சித்தி, ஷிஃப்ட் முடிந்து, தலையில் இருந்த வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராக வந்திருந்தார். வீட்டில் எல்லோரும் என்னை டேய் என்று கூப்பிடுவார்கள். சித்தி மட்டும்தான் கண்ணு என்பார்.

முதல் பாதியில் ஒரு கோல் போட்டுவிட்டோம். பாதி முடிகிற நேரத்தில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்த சித்தப்பாவின் தலையில் எதிரணிக்காரனின் முட்டி வந்து இடித்தது. ஐஸ் தண்ணீர் ஊற்றினார்கள். எழுந்து கையை உயர்த்தினார். நாங்கள் மேளத்தைக் கிழித்துவிட்டோம். இடைவேளைக்கு விசில் ஊதியதும் சித்தப்பா நடந்து போய் எதிரணி பெஞ்சில், அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

"கீப்பர் கட்சி மாறிட்டாரு லா!" என்று யாரோ கத்த, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சித்தி சிரிக்கவில்லை.

டயர் கடை வைத்திருந்தவர்தான் எங்கள் மேனேஜர். சித்தி அவரிடம் போனார். "அண்ணே, அவர வெளிய எடுத்துடுங்கண்ணே. பார்வையே சரியில்ல. இப்ப வாந்தி வேற எடுத்தாரு."

"ஃபைனல்னா எனக்கே வாந்தி வருதும்மா. இன்னொரு கீப்பரு மச்சான் கல்யாணத்துக்கு ஈப்போ போயிட்டான். நான் என்ன பண்ண? நீ போய் உக்காரு."

என் அப்பாவிடம் வந்தார். அவரும், "கப்போட வரட்டும்மா, அப்புறம் டாக்டர்கிட்ட போவோம்" என்றார். இரண்டாம் பாதி ஆரம்பித்தது. சித்தி கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே போய் நின்று, "ஏங்க, போதும், வாங்க" என்று கூப்பிட்டார். சித்தப்பா திரும்பிப் பார்த்தார். "அக்கா, தள்ளி நில்லுங்க. பந்து படும்" என்றார் மரியாதையாக.

கட்டிய பெண்டாட்டியை அக்கா என்கிறாரே என்று அங்கிருந்தவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். நானும்தான். சித்தப்பா தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அப்பா தோள் வலிக்கிறது என்று உறுமியை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். தவில்காரர்கள் சிகரெட்டுக்கு ஒதுங்கினார்கள். சித்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கண்ணு, நீ உறுமி அடிப்பியாமே?"

"அடிப்பேன் சித்தி."

"அந்தக் காவடித் தாளம்?"

"அப்பா கொன்னுடுவாரு."

"கொஞ்சமா. எனக்காக."

அதுவரை என்னை யாரும் எதையும் அடித்துக் காட்டச் சொன்னதில்லை. அப்பா அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாரா என்று பார்த்தேன். உறுமியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்ததும் அது முனகியது. கையில் எனக்கே சிலிர்த்தது. பத்துத் தட்டுகூட ஆகியிருக்காது, சித்தி வலைத்தொப்பியைப் பிய்த்து எறிந்து, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, கயிற்றைத் தாண்டிப் பாடாங்குக்குள் ஓடிவிட்டார்.

பந்து ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சுற்று சுற்றினார், கூச்சல் போட்டார், பிறகு நேராகக் கோல் கம்பத்தை நோக்கிப் போனார். மலாய்க்கார ரெஃபரி விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். இந்த ஊரில் பிறந்தவர், அவருக்கு விஷயம் புரிந்தது. "சபார், சபார்" என்று எல்லோரையும் கையமர்த்திவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். எதிரணியின் கொம்பாங்கும் நின்றுவிட்டது. அத்தனை பெரிய பாடாங்கில் என் உறுமி மட்டும்தான்.

முதலில் காலில் விழுந்தது மேனேஜர். "தாயே, என்ன குத்தம்?"

"என் புள்ளைய இங்கேருந்து கொண்டு போ!"

"இன்னும் இருவது நிமிஷந்தான் தாயே..."

"இப்பவே!"

திருநீறு கொண்டுவரச் சொன்னார்கள். பாடாங்கில் திருநீற்றுக்கு எங்கே போவது? மசாஜ் பெட்டியிலிருந்த பவுடரைக் கொண்டு வந்தார்கள். பானக் கடையிலிருந்து எலுமிச்சை வந்தது. சாமி பவுடரை வேண்டாம் என்று சொல்லவில்லை. சித்தப்பாவின் நெற்றியில் பூசியது. முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு கண்ணைப் பார்த்தது, மறு கண்ணைப் பார்த்தது. பிறகு மூன்று விரலை நீட்டி, "எத்தனை?" என்று கேட்டது.

சித்தப்பா யோசித்து, "அஞ்சு" என்றார்.

என் பின்னால் இரண்டு அங்கிள்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். "சாமி மூணு காட்டுது, கீப்பர் அஞ்சுங்குறான். மூணும் அஞ்சும் வெச்சு எடுத்துடுவோம்." லாட்டரி நம்பர் கடை மூடுவதற்குள் போக வேண்டும் என்று ஆட்டத்தைக்கூடப் பார்க்காமல் ஓடினார்கள்.

சித்தப்பாவை மேனேஜரின் லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எங்கள் முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு கோலில் நின்றார். ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். அப்பா என்னைப் பாடாங்கிலேயே, தன் உறுமிக் குச்சியாலேயே விளாசினார். ரொம்ப நாளைக்கு நான் அந்த ஊரில் கப்பைத் தொலைத்தவன். சித்தி கேட்டுத்தான் அடித்தேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பாவம், அவர் தாளத்தைத்தானே கேட்டார், சாமியைக் கூப்பிட்டது நான்தானே என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் சித்தப்பாவின் தலையை மழித்து, மண்டைக்குள் கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். ஊரில் பாதிப் பேர், சாமி வந்து காப்பாற்றியது என்றார்கள். மீதிப் பேர், அசுத்தமான இடத்துக்கு அழைத்ததால் சாமி அடித்துவிட்டது என்றார்கள். அப்பா இரண்டாவது கட்சி. அதனால் நானும். என்னால்தான் சித்தப்பா அப்படிக் கிடக்கிறார் என்றே நம்பினேன். அதற்குப் பிறகு உறுமியைத் தொடவில்லை.

சித்தியிடம் குறி கேட்கப் பெண்கள் வந்தார்கள். "அது அன்னைக்கு மட்டும் வந்துச்சு, திரும்ப வரல" என்று களைத்த முகத்தோடு கதவைச் சாத்துவார். சித்தப்பா அதற்குப் பிறகு ரொம்ப வருஷம் இருந்தார். போன வருஷம் சித்தி இறந்தபோது, கடைசியில் அவர் இருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு வாசலில் மேளக்காரர்கள் ஒரு கை குறைகிறது என்று என்னிடம் உறுமியை நீட்டினார்கள். வேண்டாம் என்று கையை எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் மூன்று விரலை நீட்டுவதைப் பார்க்கும் முன்பு நடந்தது அது. இப்போதென்றால் வாங்கியிருப்பேன், ஆனால் உறுமியை யாரும் நீட்டப் போவதில்லை.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். சாமி மலையேறும்வரை மேளம் நிற்கக் கூடாது. அதனால் லோரி கிளம்பும்வரை நான் அடித்துக்கொண்டே இருந்தேன். தோள் எரிந்தது. அழுகை வந்தது. நிறுத்தவில்லை. இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டு சாமியை லோரிக்கு அழைத்துப் போனார்கள். என்னைத் தாண்டும்போது அது கொஞ்சம் குனிந்தது. என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "போதும் கண்ணு, கை வலிக்கும்" என்றது.

அன்றைக்கு அடி வாங்கிப் படுத்திருந்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம். சாமிக்கு என் கை வலிப்பதுகூடத் தெரிந்திருக்கிறதே, வீட்டில் சித்தி மட்டும் கூப்பிடுகிற பேரும் தெரிந்திருக்கிறதே என்று.