வெள்ளவத்தையில் தொடை படிப்பித்த கதை

பைத்தன் எண்ட கம்பியூட்டர் மொழியைப் படிப்பிக்கிறவன் பயப்பிட வேண்டியது பாம்புக்கு இல்லை, முன்னால இருக்கிற மாணவர்களுக்கு. உங்களில ஆராவது வகுப்பு எடுக்கிறவராக இருந்தால் இதைச் சொல்லித் தெரியத் தேவையில்லை. எனக்கு வெள்ளவத்தையில, ஒரு கொத்துரொட்டிக் கடையின்ர மேல்மாடியில, பெரியாக்களுக்குப் பின்னேர வகுப்பு.

கோழியா, ஆடா

எங்கட கணக்குப் புத்தகத்தில ‘செட்’டுக்குப் பெயர் தொடை. தமிழ் மீடியத்தில படிச்ச பழக்கதோஷத்தில, ‘இன்று: தொடை’ எண்டு போர்டில பெரிசா எழுதிப்போட்டன். கீழ கொத்து அடிக்கிற சத்தம், வாசனை வேற மேல வருது. “ஒரு தொடையில ஒரு எழுத்து ஒருக்காத்தான் வரும்” எண்டு நான் விளங்கப்படுத்துறன், ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கேல்லை, தோள்தான் குலுங்குது. இங்கிலீஷ் மீடியத்தில படிச்சு இப்ப போன் கடை வைச்சிருக்கிற ரிஸ்வான் மட்டும் மரியாதையாக் கையை உயர்த்தினார்.

“சேர், கோழிட தொடையா, ஆட்டுட தொடையா?”

கொம்பு கழண்டது

அடுத்த வகுப்பில சொற்புதிர். ஒரு சொல்லைத் தொடையாக்கினால் அது எழுத்தெழுத்தாப் பிரியும். இங்கிலீஷ் சொல் எல்லாம் ஒழுங்காப் பிரிஞ்சுது. ரிஸ்வானின்ர வாயை அடைக்க வேணும் எண்ட வீம்பில ‘வெள்ளவத்தை’ எண்டு தமிழில அடிச்சன். வெ, ள், ள எண்டு அழகா வரும் எண்டு நம்பினன், கண்டறியாத நம்பிக்கை.

வ ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம், புள்ளி இன்னொரு பக்கம். திரும்ப ஓடவிட்டால் ஒழுங்கும் மாறி வருது. எனக்கு முகத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்லை. கொட்டாஞ்சேனையில இருந்து பஸ் ஏறி வாற கமலா, அதுவரைக்கும் வாயே திறவாதவ, மெல்லமாக் கேட்டா.

“சேர், வெள்ளவத்தைக்கே இந்தக் கதியெண்டால் எங்கட கொட்டாஞ்சேனை என்ன பாடுபடும்?”

கமலும் கமலாவும்

இந்தக் கமலாவுக்கு நுகேகொடையில ஒரு கம்பனியில நேர்முகம் வந்துது. பிள்ளைகள் பிறந்த பிறகு வேலையை விட்டவ. இதுவும் தவறினால் இனி ஆர் கூப்பிடப் போகினம் எண்டு அழாக்குறை.

ஒரு சொல்லின்ர எழுத்துகளை வைச்சு இன்னொரு சொல்லைக் கட்டலாமோ எண்டு பார்க்கப் புரோகிராம் எழுதச் சொன்னவையாம். இவ என்ர பாடத்தை நம்பி, ரெண்டு சொல்லையும் தொடையாக்கி ஒப்பிட்டிருக்கிறா. சோதிச்சுப் பார்க்கப் புருஷன் கமலின்ர பெயரையும் தன்ர பெயரையும் இங்கிலீஷில அடிச்சிருக்கிறா. கமலை வைச்சு கமலாவைக் கட்டலாம் எண்டு கம்பியூட்டர் தலையாட்டியிருக்கு. கமலாவுக்கு மூண்டு ‘ஏ’ வேணும், கமலிட்ட இருக்கிறது ரெண்டு. திரும்பி வாற எழுத்தைத் தொடை விழுங்கிப்போடும், அதால எண்ணுற வேலைக்கு அது உதவாது எண்டதை நான் சொல்லிக் குடுக்கவே இல்லை. அந்த இடத்திலயே பிழையைப் பிடிச்சு, ஒவ்வொரு எழுத்தும் எத்தனை தரம் வருகுதெண்டு எண்ணிப் பார்க்கிற வரியைச் சேர்த்து, கேள்வி கேட்ட மிஸ்ஸுக்குச் சிங்களத்தில விளங்கப்படுத்தியும் இருக்கிறா. வேலை கிடைச்சுது. அடுத்த வகுப்புக்கு வந்தவ, ஆறுதலாக் கதிரையை இழுத்து இருந்துகொண்டு சொன்னா.

“சேர், உங்கட தொடையைக் கேட்டால் அவரும் நானும் ஒண்டு. எண்ணிப் பார்த்தால்தான் தெரியுது, நான் அவரைவிட ஒரு எழுத்துக் கூட.”

நான் படிப்பிக்காமல் விட்ட பாடத்தாலதான் என்ர மாணவிக்கு வேலை கிடைச்சுது எண்டதை, இப்ப வகுப்பு விளம்பரத்தில எப்பிடிப் போடுறதெண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன்.